எல்லா வரியிலும் அக்காவின் பேர்

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒரு கம்ப்யூட்டர் என்னிடம் பொய் சொன்னது. கண்ணெதிரே இருக்கிற ஃபைலை, அப்படி ஒரு ஃபைலே இல்லை என்றது. ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன், இருந்தது. மறுபடி ஓட்டினேன், இல்லை என்றது. புது இடம், புது ஆட்கள். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் திரையையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்து மேசையிலிருந்து ஒரு அம்மாள் நாற்காலியோடு உருண்டு வந்தார். தலையில் முக்காடு, மூக்கு நுனியில் கண்ணாடி, வாயில் கிராம்பு.

"இன்னாம்மா, இல்லங்குதா?"

"இருக்கு மேடம். ஆனா இல்லன்னு சொல்லுது."

"மேடம்லாம் வேணாம். அக்கான்னு கூப்புடு. ஃபைல் இருக்கு தான். அது வேற பேரத் தேடிகினு இருக்கு."

கீபோர்டில் எதையோ தட்டினார். அதுவரை வெறுமனே முடிந்திருந்த ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரு சின்னக் குறி முளைத்தது. விண்டோஸ் கம்ப்யூட்டரில் எழுதினால் வரி முடிகிற இடத்தில் கண்ணுக்குத் தெரியாத இரண்டு குறிகள் விழும். லினக்ஸ் கம்ப்யூட்டருக்கு ஒன்றே போதும். கூட வருகிற இன்னொன்றை அது பேரோடு சேர்த்துப் படித்துவிடும். 'முருகன்' என்று கூப்பிடச் சொன்னால், 'முருகன்' என்ற பேருக்குப் பின்னால் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிற ஆளைத் தெருத் தெருவாகத் தேடிவிட்டு, இல்லை என்று திரும்பி வரும். எங்கள் ஆபீசில் எழுதுவது விண்டோஸில், எழுதினதையெல்லாம் சேர்த்துக் கட்டி வாடிக்கையாளருக்குப் போகிற மாதிரி ஆக்குவது லினக்ஸில். அந்தக் கட்டும் வேலைக்கு உண்டான கட்டளைகள் எழுதின ஃபைலைத்தான் பில்டு ஸ்கிரிப்ட் என்போம். அது நின்றால் எல்லாமே நின்றது.

இதை அக்கா சொல்லி முடித்ததும் நான் கேட்டேன்.

"யாருக்கா இப்படி பண்ணது?"

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எங்கன்னு கேளு, சொல்றேன். யாருன்னு கேக்காத."

இந்தப் பேச்சை அதற்குப் பிறகு எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். அக்காவைப் பற்றி யார் என்னிடம் கேட்டாலும் முதலில் இதுதான் வாயில் வருகிறது.

எங்கள் ஆபீஸ் வில்லியனூரில், டிராக்டர் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. ஆறேழு பேர். லேபுகளுக்கு ரிப்போர்ட் அடித்துத் தருகிற மென்பொருள் எங்களுடையது. ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று வருகிறதே அந்தத் தாள். முதலாளியை சார் என்போம். அவரே ஒரு காலத்தில் லேப் வைத்திருந்தவர். ரத்தத்தைப் பற்றி எல்லாம் தெரியும், கம்ப்யூட்டரைப் பற்றி அவ்வளவாகத் தெரியாது. நான் செலியமேட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவேன். மென்பொருள் வெளியே போவதற்கு முன்னால் ஓட்டிப் பார்ப்பது என் வேலை.

அக்கா வருவது படிக்கட்டிலேயே கேட்கும். அவர் வீட்டுக்காரருக்கு வில்லியனூர் கடைத்தெருவில் செருப்புக் கடை. விற்காமல் தங்கிப்போன ஜோடிகளைத்தான் அக்கா போட்டுக்கொள்வார். அவருடைய கால் சின்னக் கால். விற்காமல் தங்குவது பெரும்பாலும் பெரிய அளவு. ஆகவே டப் டப் என்று அடித்துக்கொண்டே ஏறி வருவார். ஒருநாள் ஆம்பளைச் செருப்பிலேயே வந்துவிட்டார். வேலு சிரித்தான். "சிரி சிரி. வழுக்காது, தெரியுமா?" என்றார்.

வேலுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கரியமாணிக்கத்துக்காரன். சென்னையில் பெரிய கம்பெனியில் இருந்துவிட்டு, அப்பாவுக்கு முட்டி போய் கரும்பைப் பார்க்க ஆளில்லை என்று ஊருக்கே திரும்பியவன். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. காலையில் கொல்லிக்கு, அதாவது கரும்பு வயலுக்குப் போய் மோட்டார் போட்டுவிட்டு, குளித்து, சட்டை மாற்றி ஆபீசுக்கு வருவான். இந்த வேலை போனால் மறுபடியும் சென்னைதான், இந்தப் பக்கம் தன் படிப்புக்கு வேறு வேலை கிடையாது என்று அடிக்கடி சொல்வான். பில்டு ஸ்கிரிப்ட்டைப் பெரும்பாலும் எழுதினது அவன். அவ்வப்போது அக்காவும் கை வைப்பார்.

அந்த வரி முடிவுத் தொல்லை வாராவாரம் வந்துகொண்டிருந்தது. ஒருநாள் அக்கா உட்கார்ந்து ஸ்கிரிப்ட் முழுவதையும் சரி செய்தார். இனிமேல் யார் எந்தக் கம்ப்யூட்டரில் எழுதினாலும் அந்தக் கூடுதல் குறி உள்ளே வராதபடி ஒரு ஏற்பாட்டையும் செய்தார். தொல்லை அதோடு ஒழிந்தது. ஆனால் இன்னொன்று நடந்தது. ஒவ்வொரு வரியையும் கடைசியாகத் தொட்டது யார் என்று எங்கள் கம்ப்யூட்டர் நினைவில் வைத்திருக்கும். எல்லா வரியின் முடிவையும் அக்கா மாற்றியதால் எல்லா வரியிலும் அக்காவின் பேர் ஏறிவிட்டது. தலையிலிருந்து கால்வரை அக்காவே எழுதின மாதிரி காட்டியது.

சார் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு அசந்துபோனார்.

"இன்னாம்மா, இம்மாம் பெரிசு, பூரா நீங்களே எழுதினீங்களா?"

"இல்ல சார். வரி முடிவ மட்டும் தான் மாத்தினேன். அதனால என் பேரு ஒட்டிக்கிச்சி. அந்தப் பேர கணக்குல எடுத்துக்காதீங்க. பெரும்பாலும் வேலு எழுதினது."

நல்ல காரியமாக இருந்தால் யார் என்பதை அக்கா சொல்லிவிடுவார். தப்பாக இருந்தால்தான் வாய் திறக்க மாட்டார். அந்தப் பேரைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்ற ஒன்றை மட்டும் சார் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

வெளியிலும் அக்கா அப்படித்தான். ரயில்வே கேட் பக்கத்தில் ஒருநாள் பின்பக்கமாக வந்த டெம்போ ஒன்று அக்காவின் ஸ்கூட்டியைத் தட்டிவிட்டது. நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேரும் மெல்ல விழுந்தோம், எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. அதற்குள் கூட்டம் கூடி டெம்போக்காரனின் சட்டையைப் பிடித்துவிட்டது. "நீ தானடா இடிச்ச? சொல்லுடா!" அக்கா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஸ்கூட்டியை நிமிர்த்தி, "பிரேக் புடிக்குதா பாரு" என்று என்னிடம் கொடுத்தார். பிடித்தது. "ஏறு" என்றார். சட்டையைப் பிடித்தவர்கள் பிடித்தபடியே நின்றார்கள்.

எனக்குக் கோபம். "அவன ரெண்டு வார்த்த கேட்டிருக்க வேணாமாக்கா?"

"கேட்டா உன் கை ஆறிடுமா?"

"அடுத்த தடவ பாத்து ஓட்டுவான்ல?"

ரயில்வே கேட்டைத் தாண்டினோம். பிறகு, "யாருன்னு கண்ணுல பட்டுட்டா, அப்பறம் ஆளத் தான் பாப்போம்டி. தப்ப பாக்கவே மாட்டோம். அத்தோட தப்பு அங்கியே கெடக்கும்" என்றார். சரியாகத்தான் பட்டது. எனக்கும் சரியாகத்தான் பட்டது என்பதை இங்கே அழுத்திச் சொல்லிவிடுகிறேன்.

யார் தொட்ட வரி என்று காட்டுகிற கட்டளைக்கு, அதைச் செய்தவர்கள் வைத்திருக்கிற பேரே 'பழி' என்று அர்த்தம் வருகிற ஒரு ஆங்கிலச் சொல். எங்கள் ஆபீசில் அதை யாருமே தட்டுவதில்லை என்று ஆகிவிட்டது. சட்டம் எதுவும் போடவில்லை. அக்காவுக்குப் பிடிக்காது, அவ்வளவுதான். ஒரு குடும்பத்தில் அமாவாசைக்குக் கவிச்சி தொடாமல் இருப்பார்களே, அப்படி. அதில் எங்களுக்குப் பெருமை வேறு. மற்ற கம்பெனிக்காரர்கள் ஒருத்தரை ஒருத்தர் காட்டிக்கொடுக்கிற கதையைக் கேட்டால், பாவம் என்று சிரிப்போம்.

அக்காவின் வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டிருந்தது. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். அந்த நாட்களில் அக்கா ஆஸ்பத்திரியிலிருந்தே வேலை பார்ப்பார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல், மடியில் லேப்டாப். ஊரே பாய் என்று கூப்பிடும் அந்த மனிதரின் ரத்தம் ஒரு குழாயில் வெளியே போய் இன்னொரு குழாயில் உள்ளே வரும். நான் ஒருதரம் பார்க்கப் போயிருந்தேன்.

"உங்க அக்கா என்ன பாக்குறத விட அந்தப் பொட்டியத் தாம்மா அதிகம் பாக்குறா" என்றார் பாய்.

"உங்கள பாக்க தான் மெஷின் இருக்கே" என்றார் அக்கா. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

பாய்க்குத் தண்ணீரே அளந்துதான். இளநீர் கூடவே கூடாது. அதிலிருக்கிற உப்பு நேராக நெஞ்சைப் பிடிக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் பக்கம் உடம்பு சரியில்லாதவரைப் பார்க்கப் போகிறவர்கள் கையில் என்ன இருக்கும்? இரண்டு இளநீர் இருக்கும். அக்கா வீட்டு வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு, வந்தவர்களுக்கே வெட்டிக் கொடுத்துவிடுவார்.

அப்புறம், எங்கள் மென்பொருளை வாங்கியிருந்த பாகூர் லேப்.

லேபுகளில் எங்கள் மென்பொருளின் புதுப் பதிப்பைப் போடுகிற வேலையையும் அதே பில்டு ஸ்கிரிப்ட்தான் செய்யும். பழைய தற்காலிக ஃபைல்களை அழித்துவிட்டுப் போடும். எந்த ஃபோல்டரிலிருந்து அழிக்க வேண்டும் என்று ஸ்கிரிப்டில் ஒரு வரி. ஃபோல்டரின் பேர் வர வேண்டிய இடம் ஏதோ காரணத்தால் வெறுமையாக இருந்துவிட்டால் என்ன ஆகும் என்று அந்த வரியை எழுதினவர் யோசிக்கவில்லை. பாகூரில் வெறுமையாக இருந்தது. எதை அழிக்க வேண்டும் என்று தெரியாமல், எல்லாவற்றையும் அழித்துவிட்டது. நகல் எடுத்து வைத்ததும் அதே கம்ப்யூட்டரில் இருந்ததால் அதுவும் போயிற்று.

அந்த வாரம் ரத்தம் கொடுத்த அத்தனை பேரின் முடிவும் காணாமல் போனது. மறுபடி வரச் சொன்னார்கள். வெறும் வயிற்றோடு வர வேண்டும். எங்கள் ஊர்க்காரி ஒருத்தி, மாசமாக இருந்தவள், மறுபடியும் சாப்பிடாமல் பஸ் ஏறிப் போய் வரிசையில் மயங்கி உட்கார்ந்துவிட்டாள் என்று என் அம்மாதான் வீட்டில் சொன்னாள். அது எங்கள் கம்பெனியின் வேலை என்று அம்மாவுக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை.

லேப்காரர் மாடிக்கே வந்துவிட்டார். எழுதினவன் யார் என்று தெரிந்தாக வேண்டும், அவன் இங்கே இருந்தால் உங்கள் சாமான் எங்களுக்கு வேண்டாம், பக்கத்து ஊர் லேபுகளிடமும் சொல்வேன் என்று கத்திவிட்டுப் போனார். சார் முகம் வெளுத்துப் போயிருந்தது. எங்கள் எல்லாரையும் உட்கார வைத்தார். அன்று வியாழக்கிழமை. டயாலிசிஸ் நாள் இல்லை, ஆனாலும் அக்கா வரவில்லை. யாரோ பாய்க்கு இளநீர் கொடுத்துவிட்டார்கள். விடியற்காலையில் மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தார்கள்.

"யாருன்னு பாருங்க" என்றார் சார்.

யாரும் அசையவில்லை. எல்லா வரியிலும் அக்காவின் பேர் இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். அந்தப் பழிக் கட்டளையோடு கூட ஒன்றைச் சேர்த்துத் தட்டினால், வரி முடிவுகளை விட்டுவிட்டு, அடியில் இருக்கிற உண்மையான பேரைக் காட்டும். அதுவும் தெரியும். தட்டினால் வேலுவின் பேர் வரும் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம். வேலுவும் அப்படித்தான் நினைத்தான். அந்தச் சமயத்தில் ஸ்கிரிப்டில் புழங்கிக்கொண்டிருந்தது அவன்தான். எழுதினோமா இல்லையா என்று அவனுக்கே ஞாபகம் இல்லை. தலையைக் குனிந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் அக்காவுக்குப் போன் செய்தேன். ஸ்பீக்கரில் போடச் சொன்னார் சார்.

அக்கா முழுக்கக் கேட்டுக்கொண்டார். பின்னால் யாரோ ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற சத்தம் கேட்டது. "அந்த வரி இன்னான்னு படி" என்றார். படித்தேன். கொஞ்சம் தாமதித்து, "அது நான் தான்" என்றார்.

சார் நெற்றியைத் தேய்த்தார். "ஏம்மா, உங்க பேரு எல்லா வரியிலயும் தான் இருக்கு. அத கணக்குல எடுக்கக் கூடாதுன்னு நீங்களே தான சொன்னீங்க?"

"இது அப்படி இல்ல சார். நெஜமா நான் தான்."

"சரிம்மா. நீங்க அங்க பாருங்க."

"நீ பாருடி" என்று அக்கா என்னிடம் சொன்னார். "அடியில இருக்கறத பாத்து சார் கிட்ட காட்டு."

"பாக்க மாட்டோங்க்கா" என்றேன். நான் மட்டும் இல்லை, சுற்றி இருந்த எல்லாருமே தலையை ஆட்டினார்கள். அக்கா என்ன செய்கிறார் என்று எங்களுக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தோம். வேலுவைக் காப்பாற்றுகிறார், நாமும் காப்பாற்றுகிறோம். அந்த நிமிஷம் எனக்கு அப்படி ஒரு பெருமை.

சார் லேப் வைத்திருந்தவர், ஆள் முகத்தைப் படிக்கத் தெரிந்தவர். நாங்கள் யாருமே பார்க்க மறுத்தோம், எங்கள் கண்களெல்லாம் ஒரே ஆளின் மேல் இருந்தன. அவருக்கு அது போதுமானதாக இருந்தது. வேலுவை உள்ளே கூப்பிட்டார். கதவு சாத்தியிருந்தது. வெளியே வந்தவன் மேசை மேல் இருந்த தன் பெண்ணின் போட்டோவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "அப்பாவுக்கு தான் கஷ்டம்" என்றான்.  அந்த மாதமே சென்னைக்குப் போனான். அறுவடைக்கு முன்னாலேயே கரும்புக் கொல்லியைக் குத்தகைக்கு விட்டுவிட்டார்கள்.

பாய் அந்தத் தடவை பிழைத்து வீட்டுக்கு வந்தார். நான் பார்க்கப் போனபோது அவருடைய தம்பி கூடத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தார். "யாரு அண்ணி இளநீ குடுத்தது? சொல்லுங்க. ஒருத்தர் வுடாம கேக்கறேன்." வீடு நிறையச் சொந்தக்காரர்கள். எல்லாரும் சுவரைப் பார்த்தார்கள். அக்கா பாயின் கால் வீக்கத்தை விரலால் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரோ ஆசையா குடுத்திருப்பாங்க. விடுங்க தம்பி. இனிமே குடுக்காதீங்கன்னு எல்லாருக்கும் சொல்லியாச்சி."

ஒரு மாதம் கழித்து இன்னொரு இளநீர். இந்தத் தடவை ஆஸ்பத்திரி போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. அதே கைதானா, வேறு கையா, தெரியாது. அடக்கம் முடிந்த மறுநாள் போனேன். அக்கா சமையலறையில் வந்தவர்களுக்கு டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குழாயை மூடினார்.

"கேட்டிருக்கணுமோ?" என்றார்.

நான் ஒரு துணியை எடுத்துக் கழுவின டம்ளர்களைத் துடைக்க ஆரம்பித்தேன். அக்கா குழாயைத் திறந்து அடுத்த டம்ளரை எடுத்தார். எனக்கு அழுகை வரவில்லை. பஸ்ஸில் திரும்பும்போதாவது வரும் என்று பார்த்தேன், வரவில்லை. அன்றிலிருந்து உள்ளே ஏதோ மரத்துப் போய்க் கிடக்கிறது, இன்றுவரை.

கணவனை இழந்தவர் வீட்டோடு இருக்கிற இத்தா நாட்கள் முடிந்து அக்கா ஆபீசுக்கு வந்தார். முதல் காரியமாக லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சார் ரூமுக்குப் போனார். கதவு திறந்திருந்ததால் எங்களுக்கு எல்லாம் கேட்டது.

"சார், பாருங்க. அடியிலயும் என் பேரு தான். வேலுவ கூப்பிடுங்க."

சார் திரையைப் பார்த்தார். அவருக்கு மேலே எது, அடியில் எது என்று தெரியாது. ஒரே பேர்தான் தெரிந்தது, முன்பு எல்லா வரியிலும் பார்த்த அதே பேர். "விடுங்கம்மா. உங்களுக்கு இருக்குற கஷ்டத்துல அவனுக்காக இன்னும் பேசுறீங்க பாருங்க" என்று கண் கலங்கினார். அக்கா அன்றே வேலுவுக்கும் போன் செய்தார். "பரவால்லக்கா. நீங்க சொன்னதே போதும்" என்றானாம். சார் ரூமிலிருந்து வெளியே வந்ததும் அக்கா எங்கள் எதிரில் லேப்டாப்பைத் திருப்பி வைத்தார். நாங்கள் யாரும் திரையைப் பார்க்கவில்லை. அக்காவின் முகத்தைத்தான் பார்த்தோம்.

கொஞ்ச நாளில் அக்கா வேலையை விட்டுவிட்டு செருப்புக் கடையில் உட்கார்ந்துகொண்டார்.

வருஷங்கள் ஓடிவிட்டன. ஸ்பேர் பார்ட்ஸ் கடை போய் அங்கே மொபைல் கடை வந்துவிட்டது. ஆபீஸ் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ் பக்கத்துக் கட்டடத்துக்கு மாறியது. போன வாரம் பழைய கம்ப்யூட்டரிலிருந்து எல்லாவற்றையும் புதியதற்கு மாற்றுகிற வேலை எனக்கு வந்தது. அந்த ஸ்கிரிப்ட் கண்ணில் பட்டது. மத்தியானம், சாப்பிட்டுவிட்டு வந்திருந்தேன். அடியில் இருக்கிற பேரைக் காட்டுகிற அந்தக் கட்டளையைப் பெரிதாக எதையும் யோசித்துத் தட்டவில்லை. விரல் தானாகத் தட்டிவிட்டது.

சுற்றியிருந்த வரிகளில் எல்லாம் அக்காவின் பேர் விலகி, அடியிலிருந்து வேலுவின் பேர் வந்தது. அந்த ஒரு வரியில் அக்காவின் பேர் விலகி, அடியிலிருந்தும் அக்காவின் பேரே வந்தது. வரி முடிவுகளைச் சரி செய்ததற்கு முந்தின ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். பக்கத்தில் 'சின்ன சுத்தம்' என்று குறிப்பு. பாயின் கட்டிலுக்குப் பக்கத்தில், ஸ்டூலில் உட்கார்ந்து, மடியில் வைத்து எழுதினது.

சாயங்காலம் கடைக்குப் போனேன். அக்காவுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. கூட்டமில்லை. ஒரு ஜோடியை எடுத்து என் காலடியில் போட்டார், காலை நுழைத்தேன்.

"பாத்துட்டேங்க்கா" என்றேன்.

எதை என்று கேட்கவில்லை. "அன்னிக்கே சொன்னேன்ல" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"வேலு கிட்ட சொல்லணும்க்கா."

"நீ சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டான்."

அங்கேயே நின்று போன் போட்டேன். வேலு எடுத்தான். பின்னால் பஸ் ஹாரன்கள். நலம் விசாரித்தான். அப்பா போய்விட்டார், பெண் ஒன்பதாவது படிக்கிறாள். நான் சொன்னேன். அந்த வரி அக்கா எழுதினது, உன்னுடையது இல்லை, என் கண்ணால் பார்த்தேன் என்று தெளிவாகச் சொன்னேன்.

வேலு சிரித்தான்.

"அக்கா பக்கத்துல தான் இருக்காங்களா?"

"இருக்காங்க."

"அதான பாத்தேன். இத்தினி வருஷம் கழிச்சும் உன்ன வுட்டு சொல்ல சொல்றாங்க பாரு. அவங்க மாறவே இல்ல."

"இல்ல வேலு, நெஜமா. நான் வேணா அனுப்பறேன், நீயே பாரு."

"அய்யோ, வேணாம். யாருன்னு பாக்கக் கூடாதுன்னு நமக்கு சொன்னதே அவங்க தான? அவங்கள நல்லா பாத்துக்க. எம் பொண்ணு கிட்ட அவங்கள பத்தி சொல்லிகினே இருப்பேன்."

வைத்துவிட்டான். நான் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றேன். அக்கா என் முகத்தைப் பார்த்தார்.

"நம்பலயா?"

இல்லை என்று தலையசைத்தேன்.

அக்கா குனிந்து, செருப்பின் முனையில் கட்டை விரலை வைத்து அமுக்கிப் பார்த்தார். "உனக்கு ஒரு சைஸ் சின்னது எடுக்கணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.